ஐயாயிரம் மைலுக்கு ஒரு குருவி

போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மகன் மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே போனை நீட்டினான். "மாமா, இத பாருங்க." திரையில் யாரோ ஒருவருடைய கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெத்தென்று இருக்குமே, அந்த இடத்தில் நீலமும் சிவப்புமாகப் பச்சை குத்தின ஒரு குருவி. வால் இரண்டாகப் பிளந்து மணிக்கட்டு வரை வந்திருந்தது. "ரெண்டு கையிலயும் ஒண்ணு ஒண்ணு. இங்க ஒரு நங்கூரம்" என்று முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினான். பினாங்கில் சூலியா தெருப் பக்கம் ஒரு கடையில் விசாரித்துவிட்டானாம், எண்ணூறு வெள்ளி (ரிங்கிட்). மூன்று வாரத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறவேண்டும், டெக் கேடட்டாக, அதாவது மேல்தளத்துப் பயிற்சி அதிகாரியாக, முதல் கப்பல். "அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நீங்க கப்பல்காரரு, உங்களுக்குப் புரியும்."

நான் பதினான்கு வருஷம் கப்பலில் இருந்தவன்தான். ஆனால் எஞ்சின் ரூம். குருவி, நங்கூரம், பாய்மரம் எல்லாம் மேல்தளத்து ஆட்களுடைய சமாசாரம். கீழே கிடக்கிற எங்களுக்கு அந்த மரபில் ஒதுக்கியிருப்பது ஒன்றுதான்: பின்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புரொபெல்லர். தண்ணீரில் விழுந்தால் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடுமாம். அதைக் குத்திக்கொண்ட ஒரு தேர்ட் எஞ்சினியரை எனக்குத் தெரியும். அவராகத்தான் காட்டினார், நான் கேட்கவில்லை.

பையனிடம் அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "மொதல்ல ஐயாயிரம் மைல் ஓடிட்டு வா. அப்புறம் குருவியப் பத்திப் பேசுவோம்." அவன் முகம் சுருங்கிப் போனது. தே ஓ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான். பெரிய மனுஷன் மாதிரி ஒரு பதில் சொல்லிவிட்டோம் என்று ஒரு நாள் முழுக்கத் திருப்தியாக இருந்தேன். திங்கட்கிழமை பட்டறையில் ஒரு பம்ப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அது உறுத்த ஆரம்பித்தது. இன்னும் முழுக்க நின்றபாடில்லை.

விலைப்பட்டியல்

நான் அந்தப் பதிலை எங்கிருந்து எடுத்தேன் என்பது கப்பல் பக்கம் ஒதுங்கியவர்களுக்குத் தெரியும். பழைய மாலுமிகளிடம் பச்சைக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது. 5,000 கடல்மைல் ஓடியவனுக்கு ஒரு குருவி, 10,000 ஓடினால் ஜோடி. பூமத்திய ரேகையைத் தாண்டினால் ஆமை. அட்லாண்டிக்கைக் கடந்தால் நங்கூரம். தென் அமெரிக்காவின் அடிமுனையான கேப் ஹார்னைச் சுற்றி வந்தவனுக்கு எல்லாப் பாயும் விரித்த கப்பல். சீனக் கரைக்குப் போனவனுக்கு டிராகன். கப்பலுக்குக் கப்பல் பட்டியல் கொஞ்சம் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: செய், பிறகு குத்திக்கொள். கையில் இருப்பது ரசீது. எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள் நிறைந்திருந்த இடத்தில் சர்டிபிகேட்டை உடம்பிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு.

ரசீது மட்டும் இல்லை, அங்க அடையாளமும்கூட. 1769-இல் கேப்டன் குக்கின் கப்பல் டாஹிட்டியில் நின்றபோது அந்த ஊர்க்காரர்கள் 'டடாவ்' என்று சொன்னதைத்தான் வெள்ளைக்காரர்கள் 'டாட்டூ' ஆக்கிக்கொண்டார்கள். அதற்கு முன்னாலும் அவர்கள் குத்திக்கொண்டுதான் இருந்தார்கள், பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது. இருபது வருஷம் கழித்து, 1789-இல், பவுன்டி கப்பலில் கலகம் செய்தவர்கள் கேப்டன் பிளையைச் சின்னப் படகில் இறக்கிவிட்டார்கள். அவர் உயிர் பிழைத்து வந்து கலகக்காரர்களின் அடையாளங்களை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார். ஃபிளெட்சர் கிறிஸ்டியனுக்கு இடது மார்பில் நட்சத்திரம், பீட்டர் ஹேவுட் என்ற பையனுக்குக் காலில் ஐல் ஆஃப் மேன் தீவின் மூன்று கால்கள் கொண்ட சின்னம். அமெரிக்க மாலுமிகளுக்கோ இது நேர்மாறாக உதவியது. பிரிட்டிஷ் கடற்படை கண்ட ஆளையெல்லாம் பிடித்துக்கொண்டு போன காலத்தில், 1796-லிருந்து அமெரிக்கா தன் மாலுமிகளுக்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்தது. அதில் பச்சைகளையும் எழுதி வைத்தார்கள். பச்சையும் காகிதமும் ஒத்துப்போனால் தப்பிக்க வாய்ப்புண்டு. மற்றபடி கடலில் போன உடம்பு பத்து நாள் கழித்து ஒதுங்கினால் முகம் இருக்காது. மேல்தோல் உரிந்தாலும் உள்தோலில் இறங்கிய மை இருக்கும். இதை எந்த மாலுமிக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

(மாலுமிக்கான அடையாளப் புத்தகமான என் சீமன் புக்கில் அடையாளக் குறி என்ற இடத்தில் 'வலது புருவத்தில் தழும்பு' என்று இருக்கும். ஏழு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்தது. கடலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

சரி, கணக்குக்கு வருகிறேன். பாய்மரக் காலத்து 5,000 மைல் என்பது காற்றையும் கப்பல்தலைவன் மனசையும் பொறுத்த விஷயம். இன்றைக்கு நிலக்கரி, தானியம் மாதிரி சரக்கை மொத்தமாக ஏற்றுகிற ஒரு சாதாரண பல்க் கேரியர் மணிக்கு 13 கடல்மைல் ஓடும். ஒரு நாளைக்கு 312. ஐயாயிரத்தை பதினாறு நாளில் முடித்துவிடலாம். முதல் ஒப்பந்தம் முடிந்து இறங்கும்போது அந்தப் பையன் கையில் குருவி உட்கார இடம் போதாது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து வருகிற தகைவிலான் குருவிகள் நம் பக்கத்து டவுன்களில் சாயங்காலம் கரண்டு கம்பியில் வரிசை கட்டி உட்காருமே, அப்படி ஆகிவிடும். மலாய்க்காரர்கள் இந்தக் குருவியையும் 'லாயாங்-லாயாங்' என்பார்கள், காற்றாடியையும் 'லாயாங்-லாயாங்' என்பார்கள்.

ஆக, நான் அவனிடம் பெரிய தத்துவம் மாதிரி சொன்ன நிபந்தனையின் மொத்த மதிப்பு பதினாறு நாள். அதுவும் அவன் தூங்குகிற நேரத்தையும் சேர்த்து. இதற்குத்தானா ஒரு பையன் முகத்தைச் சுருங்க வைத்தேன் என்று பம்ப்புக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தபோதுதான் பழைய கப்பல் ஒன்றின் போசன், மேல்தள மாலுமிகளுக்குத் தலைவர், ஞாபகத்துக்கு வந்தார்.

போசனின் கை

2004 அல்லது 2005. நிலக்கரி ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து கிளம்பியிருந்தோம். நான் அப்போது செகண்ட் எஞ்சினியர். மேல்தளத்தில் ஒரு ஹைட்ராலிக் பைப் கசிந்துகொண்டே இருந்தது. அதை இரவு பதினொரு மணி வரை மல்லுக்கட்டி அடைத்துவிட்டு போசனும் நானும் மெஸ்ஸில் உட்கார்ந்தோம். இலோயிலோ ஊர்க்காரர், பிலிப்பினோ, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வின்ச்சையோ கயிற்றையோ தொட வேண்டாம், சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். இளம் அதிகாரிகள் அவரிடம் உத்தரவு போடும்போது கேள்வி கேட்கிற குரலில்தான் போடுவார்கள்.

அவர் கோப்பி மக்கைப் பிடித்திருந்த கையில் குருவி இருந்தது. குருவி என்று எனக்குத் தெரிந்தது முன்பு ஒருமுறை அவர் சொல்லியிருந்ததால்தான். பார்த்தால் முற்றின பாகற்காய் மாதிரி இருக்கும். உள்ளங்கை ஓரத்துத் தோல் தேய்ந்துகொண்டே இருப்பது, அங்கே மை சீக்கிரம் கலைந்துவிடும். வால் பிளவு முழுக்கச் சுருக்கங்களில் போய்விட்டது. சிவப்பு இருந்த இடம் வெளிறிப் பழுப்பாகிவிட்டது. கண் மட்டும் ஒரு கரும்புள்ளியாக நின்றிருந்தது. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஏதோ பேசவேண்டும் என்பதற்காகக் கேட்டேன்: "போஸ், இது குத்தும்போது எத்தனை மைல் ஓடியிருந்தீங்க?"

அவர் சிரித்தார். "ஜீரோ" என்றார்.

வேடிக்கை என்று நினைத்தேன். இல்லை. இருபத்து மூன்று வயதில் ஊரிலிருந்து மணிலாவுக்கு வந்தாராம். அங்கே லுனேட்டா பூங்காவை ஒட்டி காலாவ் அவென்யூ என்று ஒரு தெரு. கப்பல் வேலை தேடுகிறவர்கள் இன்றைக்கும் அங்கேதான் கையில் ஃபைலோடு நிற்பார்கள். ஏஜெண்டுகள் அட்டையில் வேலையை எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். போசன் இரண்டு வருஷம் நின்றிருக்கிறார். அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அனுபவம் இல்லாதவனுக்குக் கப்பல் கிடையாது, கப்பல் இல்லாதவனுக்கு அனுபவம் கிடையாது. கூட நின்ற ஒருவன்தான் சொன்னானாம்: கையில் ஒரு பறவையைக் குத்திக்கொள், பிறகு எவனும் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான். அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்த ஒலோங்காப்போவுக்கு பஸ் ஏறிப் போய், வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் குத்துகிற ஒரு ஆளிடம், தங்கை அனுப்பிய காசைக் கொடுத்துக் குத்திக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த வாரமே கப்பல் கிடைத்தது. பறவையால்தான் கிடைத்ததா, தற்செயலா, அவருக்கே தெரியாது.

"ஏறின மூணாம் நாள் புயல். நாலு நாள் வாந்தி. கயிறு எது, ஹோஸ் எதுன்னே தெரியல. ஆனா கையில குருவி. பழைய ஆளுங்க அதப் பார்த்துட்டு என்னை மேல ஏறச் சொல்றாங்க. அன்னைக்கு க்ளவுஸ் போட்டேன் செகண்ட். அதுக்கப்புறம் கழட்டவே இல்ல. க்ளவுஸ் போட்டுக்கிட்டேதான் சோறு சாப்பிடுவேன். எல்லாரும் எனக்கு ஏதோ தோல் வியாதின்னு நெனச்சாங்க."

"எப்பக் கழட்டுனீங்க?"

மக்கைச் சுற்றிக்கொண்டே யோசித்தார். "ஞாபகம் இல்ல. ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், குனிஞ்சு பார்த்தா க்ளவுஸ் இல்ல."

அன்றைக்கு நான் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். கப்பலில் இந்த மாதிரி கதைகள் தினமும் கேட்பவை. இருபது வருஷம் கழித்து, அக்கா மகனை விரட்டிவிட்ட பிறகுதான் அந்தக் கதை என்னிடம் கணக்குக் கேட்கிறது. நான் பார்த்த மாலுமிகளிலேயே அந்தக் குருவிக்கு முழுத் தகுதி உள்ள ஒரே ஆள் அதைத் தகுதியில்லாமல் குத்திக்கொண்டவர். அவருக்கு அது ரசீது இல்லை, கடன் பத்திரம். எத்தனை வருஷமோ வட்டியோடு கட்டியிருக்கிறார். நான் காலாவ் அவென்யூவில் அவர் பக்கத்தில் நின்றிருந்தால், "மொதல்ல ஐயாயிரம் மைல் ஓடிட்டு வா" என்றுதான் சொல்லியிருப்பேன். அவரும் ஊருக்கே திரும்பிப் போயிருப்பார்.

இதனால் பொய்ப் பச்சை நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒரு அமாவாசை இரவில், ஆடுகிற தளத்தில், இவன் கைக்காரன் என்று நம்பி உங்களை ஒருவன் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போசனுக்கு வெட்கம் இருந்தது, அதனால் க்ளவுஸ் போட்டார். வெட்கமில்லாத ஒருவன் அதே குருவியைக் காட்டிக்கொண்டு திரிந்து யாரையாவது கொன்றிருப்பான். ஆனால் பையனின் முகத்தைப் பார்த்து இவன் இதில் எந்த ரகம் என்று நான் யோசிக்கவே இல்லையே. பட்டியலைத்தான் ஒப்பித்தேன்.

அப்பாயியின் ஐந்து பயணம்

எங்கள் வீட்டில் முதலில் பச்சை குத்தியது கப்பல்காரனான நான் இல்லை, அப்பாயி. அவர் நாகப்பட்டினம் பக்கம். பத்து வயதுக்குள்ளேயே குறத்தி வந்து குத்திவிட்டுப் போனாளாம். அகத்திக்கீரைச் சாறு, விளக்குக் கரி, சேர்த்துக் கட்டின ஊசிகள். பிள்ளை அழாமல் இருக்கப் பாட்டு. கூலி நெல். முன்னங்கையில் புள்ளி வைத்துச் சுற்றின கோலம், மணிக்கட்டுக்கு மேலே தேளா நண்டா என்று கடைசி வரை சண்டை நடந்த ஒன்று. எல்லாம் பாசி நிறத்தில் இருக்கும். பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் கோலம் நெளியும், நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். "செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்டா, தாலிய கூடக் கழட்டிருவாங்க" என்பார்.

கல்யாணமாகி ரஜூலா கப்பலில் வந்தார். 1926-இல் கட்டின கப்பல், நம் வீட்டுப் பெரியவர்களில் பாதிப் பேரை இங்கே கொண்டுவந்து இறக்கியது அதுதான். டெக் பாசஞ்சர். பாய், தகரப்பெட்டி, மோந்து பார்த்துக்கொண்டே இருக்க ஒரு எலுமிச்சம்பழம். இறங்கியதும் பினாங்குக்குப் பக்கத்து ஜெரஜாக் தீவில் குவாரண்டின். பிறகு கெடாவில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம். தலைப்பிரசவத்துக்குப் போனார், பிள்ளையோடு திரும்பினார். அம்மா சாவுக்குப் போனார், திரும்பினார். ஆக ஐந்து பயணம். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஏறக்குறைய 1,250 கடல்மைல். ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன், 6,250. முறைப்படி அப்பாயிக்கு ஒரு குருவி வந்துசேர வேண்டும், இரண்டாவதை நோக்கியும் போய்க்கொண்டிருந்தார். நாலாவது தடவை கரை இறங்கியபோதே 5,000 ஆகிவிட்டது. இந்தக் கணக்கை அவர் இருந்தபோது போட்டிருந்தால், "குருவிய என்னடா பண்றது, கறிக்குக்கூட ஆகாது" என்றிருப்பார்.

அவர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் இப்போது வேறுமாதிரி கேட்கிறது. முதல் பயணத்தில் இரண்டாம் நாள் ராத்திரி, தளத்தில் ஒரே கூட்டம், இருட்டு, எல்லோரும் வாந்தி. பக்கத்தில் படுத்திருந்த ஒருத்தி இவர் கையை லாந்தர் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இது அந்தக் கறுத்த குறத்தி கைதானே? நீ எந்த ஊரு புள்ள?" என்று கேட்டாளாம். இரண்டு கைக்கும் ஒரே கோலம். பக்கத்துப் பக்கத்து ஊர். அந்த அம்மாவைப் பெரியம்மா என்றுதான் நாங்கள் கூப்பிட்டோம். அவர் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்பாயியும் பச்சையைக் குத்திக்கொண்ட பிறகுதான் கடலைப் பார்த்தார். எந்த மைலுக்கும் காத்திருக்கவில்லை. அவரை யாரும் மாலுமி என்று சொல்லமாட்டார்கள், ஆனால் கடலில் வைத்து ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிற வேலையை அந்தக் கோலம் செய்திருக்கிறது. பிளை கேப்டனின் பட்டியலும் அமெரிக்கச் சான்றிதழும் செய்த அதே வேலை, கொஞ்சம் அன்போடு.

படிக்கிறவன் யார்

அந்த வாரமே பையனைக் கூப்பிட்டேன். அக்கரையில் ஃபெர்ரி இறங்கி, பினாங்கு ரோட்டுப் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் உட்கார்ந்தோம். அவன் இன்னும் கோபத்தில் இருப்பான் என்று பார்த்தால், வேறு ஒரு யோசனையோடு வந்திருந்தான். பாய்மரத்தில் ஏறுகிறவன் பிடி நழுவக்கூடாது என்று எட்டு விரல் கணுவிலும் 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்று குத்திக்கொள்வார்களே, அதைத் தமிழில் போடலாமாம். சாம்பார் ஒட்டின விரலை மடக்கி எண்ணிக் காட்டினான். வலது கையில் வி-டா-ம-ல். இடது கையில் பி-டி-ப்-பா. "கரெக்டா எட்டு மாமா!" நான் எண்ணிப் பார்த்தேன், எட்டுதான். பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெரியவரும் தன் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சிரித்து முடித்த பிறகுதான் நான் போன சனிக்கிழமை சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். மைலைப் பற்றி இல்லை. எங்கள் பட்டறையில் ஒரு வெல்டர் பையன், இருபத்து நாலு வயது, முன்னங்கையில் ஒரு நங்கூரம். ஒரு இரவு மோட்டார் சைக்கிளில் வரும்போது சாலைத் தடுப்பில் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. ஐசியை (அடையாள அட்டையை) பார்க்கும் முன்னால் கையைப் பார்த்தார்கள். "எந்த நம்பர்?" என்று கேட்டார்கள். நம்பர் என்றால் என்ன என்பது இந்த நாட்டில் தமிழ்ப் பையன்களைப் பெற்ற எல்லோருக்கும் தெரியும். 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது 04, 08, 36 என்ற எண்களெல்லாம் பத்திரிகையிலேயே வந்தன. பையன் நங்கூரம் என்றான். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் பார்த்த பிறகுதான் விட்டார்கள். அதே நங்கூரத்தை அதே கையில் குத்திக்கொண்டு முதுகில் பையோடு சூலியா தெருவில் நடக்கிற வெள்ளைக்காரப் பையனை எவனும் நிறுத்துவதில்லை. அவனுக்கு அது கலை.

"இதுக்குப் பயந்து குத்தக்கூடாதுங்கிறீங்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எனக்கு நேரான பதில் வரவில்லை. இங்கே கடற்படைக்கோ போலீசுக்கோ விண்ணப்பம் போடுகிறவன் உடம்பில் பச்சை இருக்கக்கூடாது. அமெரிக்கக் கடற்படையோ 2016-இல் கழுத்தில்கூட ஒரு அங்குலத்துக்குள் இருந்தால் போதும் என்று தளர்த்திவிட்டது. வணிகக் கப்பலில் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் நீ ஆறு மாதம்தான் கப்பலில் இருப்பாய், மிச்ச நாள் இந்த ஊர் ரோட்டில்தான் மோட்டார் ஓட்டுவாய் என்றேன். கடலில் குருவியைப் படிக்கத் தெரிந்தவன் நாலு பேர் இருப்பான், இங்கே அதை நம்பராகப் படிக்கிறவன் நானூறு பேர். கையில் வேண்டாம். அந்தக் கை நீ சம்பாதிக்கிற கை, எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். சட்டைக்குள்ளே எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

கையில் போட்டால் கலைந்துவிடும், ஆறுவதற்கும் நாளாகும், வெயிலும் உப்புத்தண்ணீரும் ஆகாது, மூன்று வாரத்தில் டர்பன் என்பதையும் சொன்னேன். அதற்குத்தான் அவன் அதிகம் மசிந்தான். பாகற்காயைப் பற்றிச் சொன்னது வேலை செய்திருக்கிறது.

சேவலும் பன்றியும்

மாலுமிப் பச்சைகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது மைலுக்கும் பெருமைக்கும் சம்பந்தமில்லாத ஒன்று: ஒரு பாதத்தில் சேவல், மறு பாதத்தில் பன்றி. முழுகாமல் இருக்க. அந்தக் காலத்தில் சாப்பாட்டுக்கு உயிரோடு ஏற்றின கோழியையும் பன்றியையும் மரக்கூண்டில் வைத்திருப்பார்கள். கப்பல் உடைந்தால் கூண்டு மிதக்கும், நீந்தத் தெரிந்த மனிதன் செத்து, நீந்தத் தெரியாத சேவல் கரை சேரும். அதைப் பார்த்துத்தான் வந்தது என்பார்கள்.

இதை அவனிடம் சொல்லிவிட்டு நானே கொஞ்சம் சங்கடப்பட்டேன். இது நமக்கு ஆகாது. சேவல் முருகன் கொடியில் இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணிமலை ஏறுகிற குடும்பத்தில் பிறந்துவிட்டு அதைக் கொண்டுபோய்க் காலில் குத்துவதா? அக்காவுக்குத் தெரிந்தால் அவன் காலை இல்லை, என் காலை உடைப்பாள். பன்றி அதைவிட மோசம். கூட வேலை செய்கிற மலாய்க்காரரோடும் வங்காளதேசியோடும் மாதக்கணக்கில் ஒரே மெஸ்ஸில் உட்கார வேண்டும், ஒரே பாத்ரூமுக்குச் செருப்பில்லாமல் நடக்க வேண்டும். தப்பு என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். ஆனால் பார்ப்பார்கள்.

அன்று ராத்திரி ஃபெர்ரியில் திரும்பும்போதுதான் தோன்றியது. தண்ணீரில் ஜெட்டி விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன, காற்று நன்றாக வீசியது, வேறு வேலையும் இல்லை. சூரபத்மன் கடைசியில் மாமரமாகிக் கடல் நடுவில்தானே நின்றான்? வேல் பட்டு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். அப்படியானால் முருகன் சேவல் கடலிலிருந்து எழுந்த சேவல். வராகமும் அதேபோல்தான், முழுகிப்போன பூமியைக் கடலுக்கடியிலிருந்து கொம்பில் தூக்கிக்கொண்டு வந்த பன்றி. லிவர்பூலில் எவனோ காலில் குத்திக்கொண்ட இரண்டு பிராணியும் நம் கதையிலும் முழுகாமல் வந்தவையே. இதற்கு எந்தச் சரித்திரச் சம்பந்தமும் கிடையாது, ஃபெர்ரியில் தோன்றிய தற்செயல். ஆனாலும் இறங்கின உடனே அவனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். போட்டிருக்கக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

அவன் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் ஜெலுத்தோங்கில் அக்கா வீட்டில் சாப்பாடு. நான் உள்ளே நுழையும்போதே அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "தம்பி, இங்க வந்து பாரு. நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்துக்கிட்டு இருந்தேன். கப்பலுக்குப் போறதுகள் கண்டதையும் குத்திக்கிட்டு வரும்னு சொல்வாங்கல்ல. எம்புள்ள பாரு." பையன் பனியனைத் தோள் வரை தூக்கிக் காட்டினான். வலது தோள்பட்டையில், சட்டை மூடுகிற இடத்தில், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு ஒரு சேவல். கால் நகத்தைக்கூட நுணுக்கமாகப் போட்டிருந்தான் அந்தக் கடைக்காரன். ஓரமெல்லாம் இன்னும் லேசாகத் தோல் உரிந்துகொண்டிருந்தது. "முருகன் கொடி" என்றாள் அக்கா. சாமி அறையிலிருந்து விபூதி கொண்டுவந்து சேவல் நெற்றியில் ஒரு கீற்று வைத்தாள். "ஆறாத புண்ணுல விபூதி வைக்காதம்மா" என்று அவன் நெளிந்தான்.

சாப்பிட்டுவிட்டுக் கீழே கார் வரைக்கும் வழியனுப்ப வந்தான். லிஃப்ட் கதவு மூடுகிற வரை இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

"பன்னி எங்கடா?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் லைஃப் ஜாக்கெட் இருக்கே மாமா."